வெளியூரிலிருந்து வயர்லெஸ் பிரிட்ஜை நிர்வகிப்பது: 8080 திறந்தும் பக்கம் வரவில்லை

#1 கூரை_ஆன்டெனா (ஞாயிறு, இரவு 9.12)

வணக்கம். அப்பா இருக்கும் வீட்டில் ஒரு ரௌட்டர் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 400 மீட்டர் தள்ளி இன்னொரு கட்டடம். இரண்டுக்கும் நடுவே கம்பி இழுக்க வழியில்லாததால் மாடியில் ஒன்று, அங்கே ஒன்று என இரண்டு வெளிப்புற வயர்லெஸ் பிரிட்ஜ்களை எதிரெதிரே வைத்திருக்கிறேன். மாடியில் இருப்பது 192.168.1.20, தூரத்தில் இருப்பது 192.168.1.21, ரௌட்டர் 192.168.1.1.

நான் இருப்பது வேறு ஊரில். மாதம் இரண்டு முறையாவது லிங்க் தடுமாறும். சிக்னல் என்ன, எந்தச் சேனலில் இரைச்சல் என்று பார்க்கக்கூட வழியில்லை. "பிளக்கைப் பிடுங்கிப் போடுங்கள் அப்பா" என்பதைத் தாண்டி என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

போன வாரம் நேரில் போனபோது ரௌட்டரில் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' வசதியை (அதன் நிர்வாகப் பக்கத்தை வெளியிலிருந்து திறக்க) 8080 போர்ட்டில், அதாவது 8080 என்ற கதவு எண்ணில், இயக்கிவிட்டு வந்தேன். இங்கிருந்து மொபைல் டேட்டாவில் அந்த வீட்டின் ஐ.பி. முகவரியையும் 8080-ஐயும் போட்டால் வெறுமனே சுற்றிக்கொண்டே இருக்கிறது. எங்கே தப்பு?

#2 நள்ளிரவு_ரீபூட் (ஞாயிறு, இரவு 9.30)

ரௌட்டரில் டி.எம்.இசட். என்ற வசதியைப் போட்டுவிடுங்கள். எல்லாப் போர்ட்டும் திறந்துவிடும். எனக்கு அப்படித்தான் வேலை செய்கிறது.

#3 வலைக்காரி (ஞாயிறு, இரவு 9.51)

#2 சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஏன் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் ஒன்று பார்க்க வேண்டும். அப்பாவிடம் கேட்டு, ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் 'வான்' ஐ.பி. (இணையத்தை நோக்கிய பக்கத்தின் முகவரி) என்று என்ன காட்டுகிறது எனப் பாருங்கள். பிறகு அதே வீட்டு வைஃபையில் இருந்தபடி, 'என் ஐ.பி. என்ன' என்று காட்டும் ஏதாவது தளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றா, வேறா?

#4 கூரை_ஆன்டெனா (ஞாயிறு, இரவு 10.20)

வேறு. ரௌட்டரில் 100.72 என்று தொடங்குகிறது. தளம் காட்டுவது முற்றிலும் வேறு எண். நான் போட்டுப் பார்த்தது தளம் காட்டிய எண்ணை.

#5 வலைக்காரி (ஞாயிறு, இரவு 10.44)

அப்படியானால் விஷயம் அங்கேயே முடிந்தது. நீங்கள் சி.ஜி.நாட் என்ற, இணைய நிறுவனம் பொது முகவரியைப் பலருக்குப் பங்கிடும் ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள்.

100.64-இல் தொடங்கி 100.127 வரை உள்ள முகவரிகள் பொது இணையத்துக்கு உரியவை அல்ல. இணைய நிறுவனங்கள் தங்கள் வலைக்குள்ளேயே பயன்படுத்திக்கொள்வதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்ட தொகுதி அது. மொத்தம் 41 லட்சத்துச் சொச்சம் முகவரிகள். ஐ.பி.வி.4 என்ற பழைய முறையின் முகவரிகள் தீர்ந்துபோனதால், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டு ரௌட்டர் செய்யும் அதே நாட் வேலையை (பல கருவிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைப்பதை), நிறுவனத்தின் பெரிய கருவி இன்னொரு முறை செய்கிறது.

உள்ளேயிருந்து வெளியே போகும்போது சிக்கல் இல்லை. யார் கேட்டது என்று அந்தக் கருவி குறித்து வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் சரியான வீட்டுக்கு அனுப்பிவிடும். வெளியிலிருந்து நீங்களாக 8080-ஐத் தட்டினால் எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். உங்கள் ரௌட்டருக்கு நீங்கள் தட்டியதே தெரியாது. டி.எம்.இசட். போட்டாலும் இதே கதைதான்.

ஐ.பி.வி.6 (புதிய, நீண்ட முகவரி முறை) இருக்கிறதா அங்கே?

#6 கூரை_ஆன்டெனா (ஞாயிறு, இரவு 10.52)

தெரியவில்லை, பார்த்ததில்லை. பொது ஐ.பி. கேட்டு வாங்கினால் தீர்ந்துவிடுமா?

#7 பழைய_மோடம் (திங்கள், காலை 6.35)

வாங்கலாம். பக்கம் திறக்கும். உங்களுக்கும் திறக்கும், ஊருக்கும் திறக்கும்.

தம்பி, இதில் நான் பட்டவன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தை இப்படித்தான் நேராக இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தேன். பாஸ்வேர்டு பலமானதுதான். ஆனால் ஃபர்ம்வேரை (கருவிக்குள் இருக்கும் மென்பொருளை) ஒன்றரை வருடமாகத் தொடவில்லை. ஒருநாள் பார்த்தால் டி.என்.எஸ். (தளப் பெயர்களை ஐ.பி.யாக மாற்றித்தரும் சர்வர்) முகவரி மாறியிருக்கிறது. நான் மாற்றவில்லை. என் பாஸ்வேர்டை யாரும் ஊகிக்கவும் இல்லை. அதைக் கேட்காமலேயே உள்ளே வர மென்பொருளில் ஓர் ஓட்டை இருந்திருக்கிறது.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. 2018-இல் மைக்ரோடிக் ரௌட்டர்களை நிர்வகிக்கும் வின்பாக்ஸ் சேவையில் ஒரு குறை வெளிப்பட்டது. உள்நுழையாமலேயே பயனர் விவரங்கள் இருக்கும் கோப்பைப் படித்துவிடலாம். நிறுவனம் அந்த ஏப்ரலிலேயே திருத்தம் வெளியிட்டுவிட்டது. ஆனாலும் புதுப்பிக்காமல், சேவையையும் இணையத்துக்குத் திறந்தே வைத்திருந்தவர்களின் கருவிகள் பல மாதங்களுக்குப் பிறகும் விழுந்துகொண்டே இருந்தன. அதே ஆண்டு மே மாதம் வி.பி.என்.ஃபில்டர் என்ற தீநிரல் வெளியே தெரிந்தது. குறைந்தது 54 நாடுகளில் 5 லட்சம் கருவிகள், பெரும்பாலும் வீட்டு, சிறு அலுவலக ரௌட்டர்கள். எல்லாரும் ரௌட்டரை ஒருமுறை ரீபூட் செய்யுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யே கேட்டுக்கொண்டது.

நிர்வாகப் பக்கம் என்பது வீட்டுக்காரர் பயன்படுத்த எழுதப்பட்ட ஒன்று. இணையத்தின் நடுத்தெருவில் நிற்கும் அளவுக்கு யாரும் அதைச் சோதித்து எழுதுவதில்லை.

#8 நள்ளிரவு_ரீபூட் (திங்கள், காலை 8.10)

அதற்குத்தான் போர்ட்டை மாற்றுவது. 8080 வேண்டாம், 48213 மாதிரி ஏதாவது வைத்தால் யார் தேடப் போகிறார்கள்?

#9 பிட்டும்_பைட்டும் (திங்கள், காலை 9.02)

எல்லாரும் தேடுகிறார்கள். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இசட்மேப் என்று ஒரு கருவி செய்தார்கள். ஒரு சாதாரண சர்வர், ஒரு கிகாபிட் இணைப்பு. இவை இருந்தால் ஐ.பி.வி.4 உலகம் முழுவதையும் ஒரு போர்ட்டுக்கு 45 நிமிடத்தில் தட்டிப் பார்த்துவிடலாம். போர்ட்டை மாற்றினால் லாகில் (கருவியின் பதிவேட்டில்) குப்பை குறையும், அதை மறுக்கவில்லை. பாதுகாப்பு என்று அதை எண்ணிக்கொண்டால்தான் சிக்கல்.

2016-இல் மிராய் என்ற தீநிரல் பரவியதற்கு மேதாவித்தனம் எதுவும் தேவைப்படவில்லை. ஆலையிலிருந்து வந்த பயனர்பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபதுக்கு மேல் வைத்துக்கொண்டு டெல்நெட்டில் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் பழைய வழியில்) ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அவ்வளவுதான். அதே ஆண்டு நவம்பரில் அதன் ஒரு வகை 7547 போர்ட்டைத் தாக்க வந்தது. டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்களில் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு தடுமாறியது. அந்த 7547 எதற்கானது தெரியுமா? இணைய நிறுவனம் வாடிக்கையாளரின் ரௌட்டரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க வைத்திருக்கும் வழி. நாம் பேசும் அதே 'ரிமோட் மேனேஜ்மென்ட்'தான், பெரிய அளவில்.

#10 கூரை_ஆன்டெனா (திங்கள், மதியம் 1.15)

சரி, பயந்துவிட்டேன். திறக்காமல் எப்படி உள்ளே போவது?

#11 வலைக்காரி (திங்கள், இரவு 8.40)

வீட்டிலிருந்து வெளியே ஒரு டனல், அதாவது இணையத்துக்குள் ஒரு தனிப் பாதை, போட வேண்டும். வெளியிலிருந்து வருவதைத்தான் சி.ஜி.நாட் தடுக்கிறது. உள்ளேயிருந்து போவதை அது தடுப்பதில்லை. ஆகவே ரௌட்டரே முன்வந்து ஓர் இடத்தோடு இணைந்திருக்கட்டும். நீங்களும் அதே இடத்துக்கு வந்து, அதன் வழியாக வீட்டுக்குள் போங்கள். அந்த 'இடம்' பொது ஐ.பி. உள்ள ஒரு சின்ன வாடகை சர்வராக இருக்கலாம். பொது ஐ.பி. உள்ள நண்பர் வீட்டு ரௌட்டராகவும் இருக்கலாம்.

உங்கள் ரௌட்டர் மெனுவில் வயர்கார்டு (இப்படி டனல் போடும் மென்பொருள்) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வேறெதையும் தேட வேண்டாம். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 முதல் அது கெர்னலுக்குள்ளேயே (இயங்குதளத்தின் மையத்திலேயே) இருப்பதால் சின்ன ரௌட்டர்களிலும் சுமை இல்லாமல் ஓடுகிறது. அதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், சரியான கீ இல்லாதவர் தட்டினால் அது பதிலே சொல்லாது. 'தவறான பாஸ்வேர்டு' என்றுகூடச் சொல்லாது. ஸ்கேன் செய்பவருக்கு அங்கே ஒன்றும் இல்லாத மாதிரியே தெரியும்.

மூன்று முனைகள்: சர்வர் 10.77.0.1, ரௌட்டர் 10.77.0.2, உங்கள் போனோ லேப்டாப்போ 10.77.0.3. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கீ ஜோடி உருவாக்கிக்கொள்ளும். பிரைவேட் கீ அந்தக் கருவியை விட்டு வெளியே போகக் கூடாது. பப்ளிக் கீயை மட்டும் எதிர்முனைக்குக் கொடுங்கள். சர்வரில் யு.டி.பி. 51820-ஐத் திறங்கள். வீட்டு ரௌட்டரில் எதையும் திறக்க வேண்டாம்.

பலரும் தடுக்கி விழுவது 'அனுமதிக்கப்பட்ட ஐ.பி.கள்' என்ற பெட்டியில். பெயரைப் பார்த்தால் வெறும் ஃபயர்வால் விதி (எதை உள்ளே விடலாம் என்ற விதி) போலத் தோன்றும். உண்மையில் 'இந்த முகவரிகள் எல்லாம் அந்த முனையில் இருக்கின்றன' என்று சொல்லும் வழிகாட்டி அது. சர்வரில் ரௌட்டருக்கான இடத்தில் 10.77.0.2/32, அதோடு 192.168.1.0/24 (/32 என்றால் ஒரே முகவரி, /24 என்றால் அந்த வரிசை முழுவதும்). ரௌட்டரில் சர்வருக்கான இடத்தில் 10.77.0.0/24 மட்டும். போனில் 10.77.0.0/24, 192.168.1.0/24 இரண்டும். சர்வரில் ஐ.பி. ஃபார்வர்டிங்கை (ஒரு முனையிலிருந்து வருவதை மறுமுனைக்குக் கடத்துவதை) இயக்க மறக்காதீர்கள். அதை மறந்தால் எல்லாம் இணைந்திருக்கும், எதுவும் நகராது.

ரௌட்டர் பக்கம் 'கீப்அலைவ்' (இணைப்பு உயிரோடு இருக்க அனுப்பும் சின்னச் செய்தி) 25 நொடி வையுங்கள். சும்மா இருந்தால் சி.ஜி.நாட் தன் குறிப்பை அழித்துவிடும். அப்புறம் நீங்கள் உள்ளே வர முடியாது.

#12 ஒளிந்து_பார்ப்பவர் (திங்கள், இரவு 9.05)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்தச் சர்வர், கீ எல்லாம் எதற்கு? இப்போதெல்லாம் பிரிட்ஜோடு ஒரு கிளவுட் ஆப்பும் வருகிறதே. கணக்கு தொடங்கினால் உலகின் எந்த மூலையிலிருந்தும் தெரிகிறது. சி.ஜி.நாட்டும் அதற்கு ஒரு பொருட்டில்லை.

#13 பழைய_மோடம் (திங்கள், இரவு 9.48)

நியாயமான கேள்வி. அதுவும் இதே தத்துவம்தான், கருவி தானாக வெளியே போய்ப் பேசுகிறது. சர்வர் உங்களுடையதா, தயாரிப்பாளருடையதா என்பதுதான் வேறுபாடு. கீ, சப்நெட் என்றதும் தலை சுற்றுபவர்களுக்கு நான் கிளவுட் ஆப்பையே சொல்வேன். இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயம் இயக்க வேண்டும். 8080-ஐத் திறந்து வைப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

எனக்கு உறுத்துவது இரண்டு. ஒரு கணக்கு போனால் அதில் சேர்த்த எல்லாக் கருவிகளும் ஒரேயடியாகப் போகும். தயாரிப்பாளர் அந்தச் சேவையை நிறுத்தும் நாளில் உங்களுக்கும் கதவு மூடும்.

#14 கூரை_ஆன்டெனா (திங்கள், இரவு 10.11)

என்னுடையது பழைய மாடல், கிளவுட் கிடையாது. ரௌட்டரில் வயர்கார்டு இருக்கிறது. வார இறுதியில் நேரில் போய் முயல்கிறேன்.

#15 பழைய_மோடம் (செவ்வாய், காலை 6.20)

போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

வீட்டு ரௌட்டர்கள் பலவற்றில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்தால் ஏதோ பழைய தேதியோடு கண் விழிக்கும். வயர்கார்டு முதலில் அனுப்பும் செய்தியில் நேர முத்திரை இருக்கும். கடைசியாகப் பார்த்ததைவிடப் பழைய முத்திரை வந்தால், யாரோ பழைய செய்தியைப் பதிந்து திருப்பி அனுப்புகிறார்கள் என்று எதிர்முனை ஒதுக்கிவிடும். பொதுவாகத் தொல்லையில்லை. என்.டி.பி. (இணையத்திலிருந்து நேரம் வாங்கும் சேவை) நேரத்தைச் சரிசெய்ததும் டனல் எழுந்துவிடும்.

நான் கெட்டிக்காரத்தனமாக ரௌட்டரின் டி.என்.எஸ்.ஸை டனலுக்கு அப்பால் இருக்கும் சர்வருக்குத் திருப்பியிருந்தேன். என்.டி.பி. சர்வரின் பெயரைத் தேட டனல் வேண்டும். டனல் எழ நேரம் வேண்டும். நேரத்துக்கு என்.டி.பி. வேண்டும். அன்று முழுக்க ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நின்றன. ஆகவே ரௌட்டரின் சொந்த டி.என்.எஸ்.ஸை டனல் வழியாக விடாதீர்கள்.

இன்னொன்று. சர்வரை ஐ.பி.யாக இல்லாமல் பெயராகக் கொடுத்தால், வயர்கார்டு அந்தப் பெயரைத் தொடக்கத்தில் ஒரே ஒருமுறைதான் தேடும். சர்வரின் முகவரி பிறகு மாறினால் பழையதையே தட்டிக்கொண்டிருக்கும்.

#16 கூரை_ஆன்டெனா (ஞாயிறு, மாலை 6.30)

நேற்றுப் போய் எல்லாம் செய்தேன். கீ ஒன்றை மாற்றி ஒட்டி ஒரு மணி நேரம் போனது, அதை விடுங்கள். இப்போது திரும்பி வந்துவிட்டேன். இங்கிருந்து ரௌட்டர் பக்கம் 192.168.1.1 திறக்கிறது! மொபைல் டேட்டாவில்! அப்பாவிடம் சொன்னேன், "அதனால் என்ன" என்றார்.

ஆனால் உண்மையில் வேண்டியது வரவில்லை. மாடியில் உள்ள 192.168.1.20, தூரத்து 192.168.1.21 இரண்டும் பதில் தருவதில்லை. வீட்டு வைஃபையில் இருந்தபோது இரண்டும் திறந்தன. டனல் வழியாக மட்டும் வரவில்லை. ஃபயர்வாலில் டனலிலிருந்து லானுக்கு (வீட்டு உள் வலைக்கு) ஃபார்வர்டு அனுமதி இருக்கிறது, இரண்டு முறை பார்த்தேன்.

#17 பிட்டும்_பைட்டும் (ஞாயிறு, மாலை 6.58)

பிரிட்ஜ்களில் கேட்வே (தன் வலைக்கு வெளியே போக வேண்டியதை ஒப்படைக்கும் முகவரி) என்ன கொடுத்திருக்கிறீர்கள்?

#18 கூரை_ஆன்டெனா (ஞாயிறு, மாலை 7.04)

அது பிரிட்ஜ்தானே? ஐ.பி., சப்நெட் மாஸ்க் கொடுத்தேன். கேட்வே பெட்டியைக் காலியாக விட்டேன் என்று நினைக்கிறேன்.

#19 பிட்டும்_பைட்டும் (ஞாயிறு, மாலை 7.31)

அதுதான். இந்தத் தப்பைச் செய்யாதவர்கள் குறைவு.

பிரிட்ஜ் மற்றவர்களின் பாக்கெட்டுகளைக் கடத்த அதற்கு கேட்வே தேவையில்லை, ஐ.பி.கூடத் தேவையில்லை. அதனால் இணையம் ஒழுங்காகப் போகும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் பிரிட்ஜே உங்களுக்குப் பதில் எழுதும்போது அதுவும் ஒரு சாதாரணக் கணினிதான். 10.77.0.3-இலிருந்து கேள்வி வந்தது. அந்த முகவரி தன் சப்நெட்டில் (தன் சொந்த வலைப்பகுதியில்) இல்லை. கேட்வேயும் இல்லை. பதிலை யாரிடம் கொடுப்பது? பேசாமல் இருந்துவிடும். உங்கள் பாக்கெட் போய்ச் சேர்கிறது. திரும்பி வருவதற்குத்தான் வழியில்லை. வீட்டு வைஃபையில் கேட்டபோது ஒரே சப்நெட், அதனால் கேட்வே இல்லாமலே பதில் வந்தது.

நீங்கள் மறுபடி ஊருக்குப் போக வேண்டியதில்லை. ரௌட்டரில் எஸ்.எஸ்.எச். (தொலைவிலிருந்து பாதுகாப்பாகக் கட்டளை கொடுக்கும் வழி) இருந்தால் அதன் வழியாக ஒரு லோக்கல் போர்ட் ஃபார்வர்டு போடுங்கள். உங்கள் லேப்டாப்பின் 8443-ஐ 192.168.1.20-இன் 443-க்கு இணைப்பது. பிரவுசரில் 127.0.0.1, போர்ட் 8443 என்று கொடுத்தால், பிரிட்ஜோடு பேசுவது ரௌட்டர். ரௌட்டர் அதே சப்நெட்டில் இருப்பதால் பதில் வரும். சான்றிதழ் எச்சரிக்கை காட்டும், அது அந்தக் கருவியே தனக்குத்தானே கையெழுத்திட்ட சான்றிதழ் என்பதால். உள்ளே போய் கேட்வே பெட்டியில் 192.168.1.1 போட்டுச் சேமியுங்கள். 21-க்கும் அப்படியே.

எஸ்.எஸ்.எச். இல்லையென்றால், டனலிலிருந்து லானுக்குப் போகும் பாக்கெட்டுகளுக்கு ரௌட்டரில் தற்காலிகமாக மாஸ்கரேட் (அனுப்புபவரின் முகவரியை மறைக்கும் விதி) போடலாம். எல்லாமே 192.168.1.1 கேட்பதுபோல் பிரிட்ஜுக்குத் தெரியும். வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிரிட்ஜின் லாகில் யார் வந்தார்கள் என்பதே தெரியாது.

#20 கூரை_ஆன்டெனா (ஞாயிறு, இரவு 8.47)

வந்துவிட்டது! இரண்டும்! தூரத்து முனையில் சிக்னல் மைனஸ் 71 (பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது). நான் பொருத்திய நாளில் மைனஸ் 58 இருந்தது என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆன்டெனா திரும்பியிருக்க வேண்டும். இத்தனை மாதம் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தது இதற்குத்தானா.

#21 வலைக்காரி (ஞாயிறு, இரவு 9.15)

13 டெசிபெல் இறக்கம் என்றால் வந்து சேரும் திறன் இருபதில் ஒரு பங்கு. முனை திரும்பியிருக்கலாம், நடுவில் ஒரு மரம் வளர்ந்திருக்கலாம், இணைப்பானுக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். இப்போதாவது எண்ணைப் பார்க்க முடிகிறதே.

#22 கூரை_ஆன்டெனா (வியாழன், இரவு 11.40)

ஒரு கோமாளித்தனம் செய்துவிட்டேன், சிரிக்காதீர்கள்.

ஏதோ ஒரு வழிகாட்டியில் 'அனுமதிக்கப்பட்ட ஐ.பி.கள்' பெட்டியில் 0.0.0.0/0 போடச் சொல்லியிருந்தது. ரௌட்டரில் போட்டேன். உடனே அப்பாவிடமிருந்து போன், "நெட் இல்லை". வீட்டு இணையம் மொத்தமும் டனல் வழியாகச் சர்வருக்குப் போக ஆரம்பித்திருக்கிறது. சர்வரில் அதை வெளியே அனுப்ப எந்த ஏற்பாடும் இல்லை. பதற்றத்தில், டனலை ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி இயக்கலாம் என்று அணைத்தேன்.

டனல் வழியாக உள்ளே உட்கார்ந்துகொண்டு, டனலை அணைத்தேன்.

அப்பாவுக்கு நெட் வந்துவிட்டது. எனக்குப் போய்விட்டது. மறுபடி இயக்க அவருக்கு போனில் வழி சொல்லி முடிக்க 50 நிமிடம்.

#23 நள்ளிரவு_ரீபூட் (வியாழன், இரவு 11.52)

சிரிக்கவில்லை. சிரித்தேன். என் பெயருக்குக் காரணமும் இதே மாதிரி ஓர் இரவுதான்.

#24 பழைய_மோடம் (வெள்ளி, காலை 6.10)

நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டாத நிர்வாகி கிடையாது. அணைத்து இயக்க வேண்டுமானால் 'ரீஸ்டார்ட்' என்று ஒரே கட்டளை கொடுங்கள், இரண்டாவது பாதியைக் கருவியே பார்த்துக்கொள்ளும்.

எந்த மாற்றத்துக்கும் முன் திரும்பி வரும் வழியைத் தயார் செய்துகொள்ளுங்கள். மைக்ரோடிக்கில் 'சேஃப் மோட்' உண்டு, கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தினால் போதும். நடுவில் இணைப்பு அறுந்தால் செய்த மாற்றங்களைத் தானே திருப்பிவிடும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரௌட்டர் மென்பொருளின் லூசி என்ற நிர்வாகப் பக்கத்தில் மாற்றத்தைப் போட்டபின், குறிப்பிட்ட நேரத்துக்குள் பிரவுசரால் ரௌட்டரை மறுபடி எட்ட முடியாவிட்டால் பழைய அமைப்புக்குப் போய்விடும். சிஸ்கோக்காரர்கள் மாற்றத்தைச் சேமிக்காமல் 'இன்னும் 10 நிமிடத்தில் ரீலோட்' என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். எல்லாம் சரியென்றால் ரீலோடை ரத்து செய்துவிட்டுச் சேமிப்பார்கள். உங்கள் ரௌட்டரில் இவை எதுவும் இல்லாவிட்டால், பழைய அமைப்பின் நகலை 10 நிமிடத்தில் திருப்பிப் போட்டு ரீபூட் ஆகும்படி முன்கூட்டியே நேரம் குறித்துவிடுங்கள்.

#25 கூரை_ஆன்டெனா (வெள்ளி, மதியம் 1.30)

குறித்துக்கொண்டேன். இன்னொரு விநோதம். மொபைல் டேட்டாவில் எல்லாம் வருகிறது. நான் தங்கியிருக்கும் அறையின் வைஃபைக்கு மாறினால் பிரிட்ஜ்கள் வருவதில்லை. 192.168.1.1 போட்டால் வேறு ஏதோ ரௌட்டரின் பக்கம் வருகிறது!

#26 வலைக்காரி (வெள்ளி, மதியம் 2.02)

அந்த அறையின் வலையும் 192.168.1.0/24. உங்கள் லேப்டாப்பைப் பொறுத்தவரை 192.168.1.20 என்பது பக்கத்து அறை, டனலுக்குள் ஏன் அனுப்ப வேண்டும்? எத்தனையோ ரௌட்டர்கள் இதே எண்ணோடுதான் ஆலையை விட்டு வருகின்றன. வீட்டு வலையை 10.83.47.0/24 மாதிரி யாரும் வைக்காத ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். சர்வரிலும் போனிலும் அந்தப் பழைய 192.168.1.0/24-ஐ மாற்ற வேண்டும்.

வரிசை முக்கியம். முதலில் தூரத்து பிரிட்ஜ், அடுத்து மாடி பிரிட்ஜ், கடைசியில் ரௌட்டர். சேனல் மாற்றினாலும், வயர்லெஸ் பாஸ்வேர்டு மாற்றினாலும் இதே வரிசைதான். கிட்டத்தில் இருப்பதை முதலில் மாற்றினால் லிங்க் அறுந்து, தூரத்தில் இருப்பதைத் தொட முடியாமல் போகும். முடிந்தால் மாற்றும் நேரத்துக்கு ரௌட்டரின் லானில் பழைய, புதிய முகவரிகள் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

#27 கூரை_ஆன்டெனா (ஞாயிறு, மாலை 5.20)

மாற்றிவிட்டேன். தூரத்து முனை, மாடி, ரௌட்டர் என்ற வரிசையில். இரண்டு முகவரி வித்தை காப்பாற்றியது. அறை வைஃபையிலும் வருகிறது. பிரிட்ஜ்களில் டெல்நெட்டையும் வெறும் எச்.டி.டி.பி.யையும் அணைத்துவிட்டேன். நிர்வாகப் பக்கம் 10.77.0.0/24-க்கும் வீட்டு வலைக்கும் மட்டும் பதில் தரும். ஆன்டெனாவைத் திருப்ப அப்பாவை மாடிக்கு ஏற்றி, நான் இங்கிருந்து எண்ணைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, மைனஸ் 60-க்குக் கொண்டுவந்தோம். எல்லாருக்கும் மிக்க நன்றி. இழையை 'தீர்ந்தது' என்று குறிக்கிறேன்.

#28 பிட்டும்_பைட்டும் (ஞாயிறு, மாலை 5.41)

குறிப்பதற்கு முன் ஒன்று. முதல் பதிவில் ரௌட்டரில் 8080-ஐ இயக்கினீர்களே, அதை அணைத்தீர்களா?

#29 கூரை_ஆன்டெனா (ஞாயிறு, மாலை 5.50)

இல்லை. சி.ஜி.நாட் இருப்பதால்தான் அது யாருக்கும் எட்டாதே?

#30 பிட்டும்_பைட்டும் (ஞாயிறு, மாலை 5.58)

ஐ.பி.வி.4-இல் எட்டாது. #5-இல் தோழி ஐ.பி.வி.6 இருக்கிறதா என்று கேட்டார், நீங்கள் பார்க்கவே இல்லை. ஐ.பி.வி.6-இல் சி.ஜி.நாட் கிடையாது, ரௌட்டருக்கே பொது முகவரி வரும். நிலைப் பக்கத்தில் 2-இல் தொடங்கும் நீண்ட முகவரி இருக்கிறதா? இருந்தால் வயர்கார்டை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், சதுர அடைப்புக்குறிக்குள் அதைப் போட்டு, பக்கத்தில் 8080 கொடுத்துப் பாருங்கள்.

#31 கூரை_ஆன்டெனா (ஞாயிறு, மாலை 6.09)

திறக்கிறது.

உள்நுழைவுப் பக்கம் முழுசாக வருகிறது. டனல் இல்லாமல். வெறும் எச்.டி.டி.பி.யில்.

#32 பழைய_மோடம் (ஞாயிறு, மாலை 6.15)

முதலில் அணையுங்கள் தம்பி. அப்புறம் பேசலாம். லாகைப் பாருங்கள், பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

#33 வலைக்காரி (ஞாயிறு, மாலை 6.22)

பதற வேண்டாம். ஒரு வீட்டின் ஒரே ஒரு ஐ.பி.வி.6 சப்நெட்டிலேயே 64 பிட் அளவு, அதாவது எண்ணி மாளாத, முகவரிகள். இசட்மேப் மாதிரி வரிசையாகத் தட்டிப் பார்த்து யாரும் வந்துவிட முடியாது. ஆனால் அந்த வீட்டிலிருந்து நீங்கள் போய்ப் பார்த்த தளங்களின் பதிவேடுகளில் அந்த முகவரியின் முன்பாதி இருக்கும், ரௌட்டர்கள் பின்பாதியில் வெறும் 1 வைத்துக்கொள்வதும் சகஜம். தொடக்கத்திலேயே நான் வற்புறுத்திக் கேட்டிருக்க வேண்டும், என் தவறும் இருக்கிறது.

#34 கூரை_ஆன்டெனா (ஞாயிறு, மாலை 6.48)

அணைத்துவிட்டேன், பாஸ்வேர்டும் மாற்றியாயிற்று. லாகில் என்னைத் தவிர யாரும் உள்நுழைய முயன்றதாக இல்லை. மொபைல் டேட்டாவில் மறுபடி 8080 போட்டுப் பார்த்தேன், வெறுமனே சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரண்டு வாரம் முன்பு இதைச் சரிசெய்யத்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.